தபாலில் சேராத விண்ணப்பங்கள்

உன் வட்டாரத்தில் குப்பை அள்ளப்படாமல் கிடப்பதை எடுத்துரைத்து மாநகராட்சி ஆணையருக்கு ஒரு கடிதம் எழுது என்று, அல்லது அதற்கு ஈடான வேறொன்றை எழுது என்று, ஒன்பதாம் வகுப்பின் ஆங்கிலப் பரீட்சை பிள்ளைகளைக் கேட்கிறது. புணே நகரத்துப் பள்ளிக்கூடங்களில் ஜூன் மாதத்து மழையோடு ஆரம்பிக்கும் வருஷம், தீபாவளி விடுமுறைக்கு முன்னால் ஒருமுறை நின்று கணக்குப் பார்த்துக்கொள்ளும் இடத்தில் இந்தப் பரீட்சை வருகிறது. மராத்தியில் இதை ஸஹாமாஹி என்பார்கள். கடிதத்துக்கு 5 மதிப்பெண். பிள்ளை முகவரியை எழுதுகிறது, தேதியைப் போடுகிறது, 'ஐயா' என்று விளிக்கிறது, கொசுக்களின் பெருக்கத்தையும் முதியவர்களின் அவஸ்தையையும் மூன்று பத்திகளில் சொல்லித் தங்கள் உண்மையுள்ள என்று முடிக்கிறது. அந்தக் கடிதம் ஆணையரிடம் போவதில்லை. உபாத்தியாயரிடம் போகிறது, அவர் ஓரத்தில் சிவப்பு மையால் மூன்றரை என்று போட்டுவிட்டு அடுத்த தாளை எடுக்கிறார். குப்பை இருந்த இடத்தில் இருக்கிறது. பரீட்சைக் கடிதம் பரீட்சைக்காக எழுதப்படுவது, அதைத் தபாலில் சேர்ப்பார் உண்டா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான், அந்த நியாயத்தை ஒப்புக்கொண்ட பிறகும் என் மனத்தில் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. அது இன்னதென்று நிர்ணயமாகச் சொல்ல முடிந்திருந்தால் ஒரு வாக்கியத்தில் சொல்லி முடித்திருப்பேன். முடியவில்லை, ஆகவே சுற்றி வந்து பார்க்கிறேன்.

அக்டோபரில் புணேக்கு ஒரு தனி வெப்பம் உண்டு. மழை விலகிக் குளிர் இன்னும் வந்து சேராத அந்த இடைக்காலத்தில், காலை பத்து மணிக்கே வகுப்பறையின் தகரக் கூரையோ காங்கிரீட் தளமோ காய ஆரம்பித்துவிடும். பரீட்சை அட்டையின் இரும்புக் கவ்வி விரலைச் சுடும். சதாசிவப் பேட்டை, நாராயணப் பேட்டை போன்ற பழைய பேட்டைகளின் குறுகிய தெருக்களில் சக்லியும் கரஞ்சியும் பொரிகிற எண்ணெய் வாசனை ஜன்னல்வரை வந்து திரும்பும். எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையின் சித்தத்தில் பாதி ஏற்கெனவே வெளியே போய்விட்டது. தீபாவளிக்கு இந்த ஊர்ச் சிறுவர்கள் முற்றத்திலும் மாடிப்படியின் அடியிலும் மண்ணைக் குழைத்துக் கோட்டை கட்டுவார்கள். ராஜ்கட், சிம்ஹகட், பிரதாப்கட் என்று சஹ்யாத்ரி மலையில் நிற்கும் கோட்டைகளின் பிரதிமைகள் அவை. எந்தப் பக்கத்துச் சரிவு செங்குத்தானது, வாயில் ஏன் வளைந்து மறைந்திருக்க வேண்டும், சுனை எங்கே இருந்தது என்பதில் பன்னிரண்டு வயதுப் பையன்கள் சண்டை போட்டுக்கொள்வதை நான் நின்று கேட்டிருக்கிறேன். அவர்களை அந்தக் கோட்டையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் இலக்கணம் நொறுங்கும், விஷயம் நொறுங்காது. கேள்வித்தாளோ அவர்களை மலைவாசஸ்தலத்துக்கு உல்லாசப் பயணம் அனுப்புகிறது, போகாத பயணத்தைப் பற்றிச் சிநேகிதனுக்குக் கடிதம் எழுதச் சொல்கிறது. கேள்வித்தாள் என்றேன், அந்தப் பெயர் இப்போது இல்லை. சில வருஷங்களுக்கு முன்பு பாடத்திட்டத்தைப் புதுப்பித்தபோது மாநில வாரியம் மொழிப் பாடங்களுக்குக் கேள்வித்தாளை எடுத்துவிட்டுக் 'கிருதிபத்ரிகா' என்று வைத்தது. பதிலை ஒப்பிக்காமல் ஒரு செயலைப் பிள்ளை தானே செய்துகாட்ட வேண்டும் என்பது அதன் உத்தேசம். உத்தேசம் நல்லதே. ஆனால் நம் ஊரில் எந்தப் பாடம் வந்தாலும் பின்னாலேயே கோனார் உரை வந்துவிடுவதைப்போல, இங்கும் செயலுக்கு உரைநூல் வந்துவிட்டது.

அந்த உரைநூல்களை வாங்க வேண்டுமானால் புதவாரப் பேட்டையை ஒட்டிய அப்பா பல்வந்த் சௌக்குக்குப் போக வேண்டும். ஜூன் மாதத்தில் அங்கே நடக்க இடமிராது. நனைந்த குடைகள், புதுக் காகிதத்தின் பசை நாற்றம், வகுப்பின் பெயரையும் பாடத்தின் பெயரையும் ஏலக்காரர்போலக் கூவிக் கட்டுக் கட்டாக எடுத்துப் போடும் கடைப்பையன்கள். 'அபேக்ஷித்' என்று ஒரு ஜாதிப் புத்தகம் அங்கே உண்டு. எதிர்பார்க்கப்படும் வினாக்களும் அவற்றின் விடைகளும் அடங்கியது. குப்பைக்கு ஒரு கடிதம், தெருவிளக்குக்கு ஒரு கடிதம், ஒலிபெருக்கியின் தொல்லைக்கு ஒரு கடிதம், குடிநீருக்கு ஒன்று. பர்வதி மலைச்சரிவில் தகரமும் செங்கலுமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும் குடியிருப்பிலிருந்து வரும் பிள்ளையும், காவற்காரன் வாயிலில் நிற்கும் அடுக்கு மாளிகையின் பத்தாவது மாடியிலிருந்து வரும் பிள்ளையும் ஒரே கடிதத்தை எழுதுகிறார்கள். ஒருத்திக்குத் தண்ணீர்க் குழாய்க்கு முன்னால் குடம் வரிசையில் நிற்பது தெரியும், மற்றவளுக்குத் தெரியாது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யார் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. தண்ணீருக்காக நின்றவள், தான் நின்றதை எழுதவில்லை. நிற்பவர்களைப் பற்றிப் புத்தகம் எழுதியதை எழுதினாள். அப்படி எழுதியதனால்தான் அவளுக்கு மூன்றரை கிடைத்தது. அவள் சொந்தமாக எழுதியிருந்தால் வினைச்சொல் இடறி இரண்டுக்கு இறங்கியிருக்கும் என்பதை அவளும் அறிவாள், அவளுடைய உபாத்தியாயரும் அறிவார்.

கட்கியில் வெடிமருந்துத் தொழிற்சாலை 1869-இல் ஏற்பட்டது. அதிலும் சுற்றியுள்ள ராணுவ அலுவலகங்களிலும் வேலைக்கு வந்து மூன்று தலைமுறையாக இங்கேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் உண்டு. அப்படி ஒரு வீட்டுப் பெண்ணின் தாளைப் பார்க்க நேர்ந்தது. வீட்டில் தமிழ், பள்ளியில் மராத்தி, இரண்டாவது பாஷையாக ஹிந்தி, மூன்றாவது பாஷையாக ஆங்கிலம். கடிதத்தின் அடியில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் அவளுடைய பெயர் இல்லை. கேள்வியில் கொடுத்திருந்த யாரோ ஒரு குல்கர்னியின் பெயர் இருந்தது. "உன் பேரைப் போடறதுதானே?" என்று கேட்டேன். "ஐயோ, நிஜப் பேரு போடக் கூடாது மாமா, பாயி சொல்லியிருக்காங்க, போர்டுல மார்க் போயிடும்" என்றாள். பாயி என்பது இங்கே ஆசிரியையைக் குறிக்கும் சொல். கேள்வியில் பெயர் தராவிட்டால் ஏ.பி.சி. என்று கையெழுத்துப் போட வேண்டுமாம். அப்பா பல்வந்த் சௌக்கையும் இவ்வூரார் ஏ.பி.சி. என்றுதான் சுருக்கிச் சொல்வார்கள். அங்கே வாங்கிய கடிதத்துக்கு அந்தக் கையெழுத்து பொருத்தமே என்று வேடிக்கையாக நினைத்துக்கொண்டேன். வேடிக்கை சீக்கிரமே கலைந்துவிட்டது. விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது நாம் முதன்முதலில் கற்றுக்கொடுப்பது, விண்ணப்பத்தின் கீழே உன்னை வைக்காதே என்பது. பிரஜை ஒருவன் அரசாங்கத்தை நோக்கிப் பேசும் கலையில் அவனுடைய முதல் அப்பியாசம் இப்படி இருக்கிறது.

ஆனால் பெயரை மறைக்கச் சொல்லும் இந்த விதியைக் குறை சொல்லத் தொடங்கும்போதே எனக்கு நாக்குத் தடுமாறுகிறது. பெயரை மறைப்பதில் பெரிய நியாயம் ஒன்று அடங்கியிருக்கிறது. அதுவும் இந்த ஊரில். பேஷ்வாக்களின் காலத்தில் சிராவண மாதத்தில் பர்வதி மலையடிவாரத்தில் தக்ஷிணை வழங்கினார்கள். தூர தேசங்களிலிருந்து சாஸ்திரிகள் வந்து குழுமினார்கள். வித்தைக்குச் சன்மானம் என்பது அதன் கொள்கை, ஆனால் அந்த வாயிலுக்குள் நுழையப் பிறப்பு ஒன்று தேவைப்பட்டது. பேஷ்வாக்களின் ஆட்சி 1818-இல் முடிந்தபின் எல்பின்ஸ்டன் காலத்து ஆங்கிலேய நிர்வாகம் அந்தத் தக்ஷிணைப் பணத்தில் ஒரு பகுதியைக் கொண்டு 1821-இல் விஸ்ராம்பாக் வாடாவில் ஸம்ஸ்கிருத பாடசாலையை ஏற்படுத்தியது. அங்கும் ஆரம்பத்தில் பிராமணப் பிள்ளைகளுக்கே இடம். மகாராஷ்டிரத்தில் ஒருவனுடைய குலப்பெயரைக் கேட்டால் அவன் ஊரையும் ஜாதியையும் பெரும்பாலும் ஊகித்துவிடலாம். அப்படிப்பட்ட தேசத்தில், உன் பெயர் எனக்கு வேண்டாம், எண் போதும், எழுதியது சரியா தவறா என்று மட்டும் பார்க்கிறேன் என்று ஒரு ஸ்தாபனம் சொன்னது சாமானியமான காரியமா? தீண்டாமைக்கு ஆளான ஒரு மகார் பிள்ளையின் தாளும் ஒரு சித்பாவன பிராமணப் பிள்ளையின் தாளும் ஒரே கட்டில் அடையாளம் தெரியாமல் கலந்து கிடப்பதற்கு எத்தனை தலைமுறை காத்திருக்க வேண்டியிருந்தது! ஏ.பி.சி. என்ற கையெழுத்து அந்த வகையில் ஒரு கவசம். கவசத்தைக் கழற்று என்று, அதைத் தரிக்கும் அவசியமே நேராத குடும்பத்தில் பிறந்தவன் சொல்வது சுலபம்.

இதே ஊரில்தான் ஜோதிராவ் பூலேயும் சாவித்திரிபாயும் 1848-இல் பிடே வாடாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்தார்கள். அவர்கள் பள்ளிகளின் பரீட்சை ஊரார் முன்னிலையில், கூட்டம் கூடி நின்று பார்க்க நடந்தது. மேஜர் காண்டி என்ற வெள்ளைக்காரர், மராத்தி எழுத்துக்குக் காற்புள்ளி முதலிய நிறுத்தக்குறிகளைக் கொண்டுவந்தவர் என்று பெயர் வாங்கியவர், 1852 நவம்பரில் ஜோதிராவுக்குச் சால்வை போர்த்திக் கௌரவித்தார். நடந்த இடம் அதே விஸ்ராம்பாக் வாடா. சாவித்திரிபாய் 1854-இல் வெளியிட்ட காவ்ய பூலே என்ற தொகுதியில் ஆங்கிலத்தைத் தாயாகக் கருதிப் பாடியிருக்கிறார். அன்னிய பாஷையை ஒருத்தி தாய் என்று அழைக்க வேண்டுமானால் சுயபாஷையின் வீட்டில் அவளுக்கு எப்படிப்பட்ட வரவேற்பு இருந்திருக்க வேண்டும் என்பதை, தாய்மொழிப் பற்றில் எவருக்கும் இளைத்தவரல்லாத நாம் கொஞ்சம் நிதானமாக யோசிக்கலாம்.

பூலே தம்பதியர் நடத்திய பள்ளி ஒன்றில் முக்தாபாய் என்றொரு மாணவி இருந்தாள். மாங் ஜாதியில் பிறந்தவள், பதினான்கு வயது. ஏறக்குறைய நம் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் வயது. மாங்குகளும் மகார்களும் படும் துக்கத்தைப் பற்றி அவள் எழுதிய வியாசம் 1855-இல் ஞானோதயம் என்ற மராத்திப் பத்திரிகையில், அவள் பெயருடன், வெளியாயிற்று. வேதம் பிராமணர்களுடையதே என்றால் எங்களுடைய மார்க்கம் எது என்று அவள் அதில் நேரடியாகக் கேட்கிறாள். பேஷ்வா காலத்தில் தன் ஜாதியார் உடற்பயிற்சிக் கூடத்தின் முன்னால் நடந்துபோனால் தலையை வெட்டி, குல்டேக்டி மைதானத்தில் கத்தியை மட்டையாகவும் தலையைப் பந்தாகவும் வைத்து விளையாடினார்கள் என்று எழுதுகிறாள். குல்டேக்டியில் இப்போது மார்க்கெட் யார்ட் இருக்கிறது. வெங்காய மூட்டைகளும் வெல்லமும் லாரிகளில் வந்து இறங்குகின்றன. தன் இனத்துப் பெண்கள் தலைக்கு மேல் கூரையில்லாமல் பிரசவிக்கும் கஷ்டத்தைச் சொல்கிறாள். புதிய ஆட்சியில் இந்தக் கொடுமை குறைந்ததற்கு நன்றியும் சொல்கிறாள். ஒரு பள்ளிப்பெண்ணின் வியாசம் அது. முகவரி இருந்தது: இந்த ஊர். பெயர் இருந்தது: அவளுடையது. 5 மதிப்பெண்ணுக்கு எழுதியிருந்தால் பொருளுக்கு இத்தனை, வடிவத்துக்கு இத்தனை என்று பிரித்துப் போட்டிருப்போம். விஷயம் கேள்விக்குப் பொருந்தவில்லை என்று கோடு கிழித்திருக்கவும் கூடும்.

இவ்விடத்தில் எனக்கே என்மேல் சந்தேகம் வருகிறது. முக்தாபாயை எடுத்துக் காட்டி இன்றைய பிள்ளைகளைத் தாழ்த்துவது நேர்மையா? அவளைப் போன்றவள் அன்றும் ஒருத்திதான். பதினான்கு வயதுப் பிள்ளையிடம், உன் அந்தரங்கத் துயரத்தை மூன்று மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் எடுத்து வை, மதிப்பெண் தருகிறேன் என்பது குரூரம் அல்லவா? அப்பன் குடிப்பதை ஒரு பிள்ளை எழுதினால் உபாத்தியாயர் அதற்கு என்ன எண் போடுவார்? நான்கா, நான்கரையா? உண்மைக்கு மதிப்பெண் உண்டு என்று தெரிந்த மறுநாளே அப்பா பல்வந்த் சௌக்கில் உண்மைக்கும் ஓர் அபேக்ஷித் வந்துவிடும்; எதிர்பார்க்கப்படும் இருபத்தொரு துக்கங்கள் என்று அதற்கு அட்டை போடுவார்கள். புத்தகத்துக் கடிதத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும் பிள்ளைக்கு ஒளிந்துகொள்ளவும் உரிமை உண்டு. தன் தெருவின் நாற்றத்தைத் தன் வகுப்பு அறிய வேண்டாம் என்று ஒரு பெண் நினைத்தால், குல்கர்னியின் பெயர் அவளுக்குத் திரையாக இருந்துவிட்டுப் போகட்டுமே. ஆகவே உண்மையை எழுது என்று கட்டளையிடுவது மருந்தாகாது. என் உறுத்தல் வேறெங்கோ இருக்கிறது. இரவல் பாஷையைக் குறைசொல்வதாலும் அது தீரவில்லை. தேசபக்தர்களான சிப்ளூண்கரும் திலகரும் 1880-இல் இந்த ஊரில் பள்ளி ஆரம்பித்தபோது அதற்கு நியூ இங்கிலீஷ் ஸ்கூல் என்றே பெயர் வைத்தார்கள், வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

இரவல் பாஷையில் ஒரு மனிதன் முழுமையாக இருக்க முடியுமா என்ற கேள்விக்கு, நம்மவர் ஒருவர் இந்த ஊரிலேயே விடை எழுதிவைத்திருக்கிறார். வலங்கைமானில் பிறந்து, கும்பகோணத்தில் படித்து, திருவல்லிக்கேணி ஹிந்து உயர்நிலைப் பள்ளியில் தலைமை ஆசிரியராக இருந்த வி. எஸ். ஸ்ரீநிவாஸ சாஸ்திரியார், 1907-இல் அந்த உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கோகலே புணேயில் நிறுவியிருந்த இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார். 1915-இல் கோகலே மறைந்தபின் அதன் தலைவருமானார். ஆங்கில இலக்கணத்தில் அவருக்கு இருந்த கண்டிப்பு பிரசித்தமானது. அவருடைய ஆங்கிலமும் பள்ளிக்கூடத்திலும் பரீட்சைக் கூடத்திலும் உண்டானதுதான், பாலோடு வந்ததன்று. 1924 ஜனவரி 12-ஆம் தேதி எரவாடா சிறையிலிருந்து குடல்வால் அழற்சியோடு ஸஸூன் ஆஸ்பத்திரிக்குக் காந்தி கொண்டுவரப்பட்டார். அன்றிரவே சத்திரசிகிச்சை செய்தாக வேண்டும். கைதிக்கு ஏதேனும் நேர்ந்தால் தேசம் கொந்தளிக்கும். காந்தி தம் சம்மதத்தை எழுத்தில் தர விரும்பினார். கர்னல் மாடக் என்ற வைத்தியருக்கு முகவரியிட்ட அந்தக் கடிதத்தைக் காந்தி சொல்லச் சொல்லப் பென்சிலால் எழுதியவர் சாஸ்திரியார். படித்துக் காட்டினார். காந்தி முழங்காலை மடக்கிக்கொண்டு கையெழுத்திட்டார். கை நடுங்கிற்று; தம் பெயரின் கடைசி எழுத்தான ஐ-க்கு மேல் புள்ளி வைக்கவில்லை என்பதைச் சாஸ்திரியார் கவனித்து எழுதியிருக்கிறார். வேறு எவர் கவனித்திருப்பார், ஓர் ஆங்கில உபாத்தியாயரைத் தவிர! அந்தக் கடிதத்தில் அலங்காரம் இல்லை. இன்னார் இன்னாருக்கு, இன்ன காரணத்தால், இன்ன சம்மதத்தைத் தருகிறார் என்பதை நேராகச் சொல்கிறது. சத்திரசிகிச்சையின் நடுவில் மின்விளக்கு அணைந்துபோய், அரிக்கேன் விளக்கின் வெளிச்சத்தில் முடித்தார்கள்.

அதே சாஸ்திரியார், காந்தியின் சுயசரிதையின் ஆங்கில மொழிபெயர்ப்பை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தபோது, தம் பெயரை எக்காரணத்தாலும் வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போட்டார்; 1940-இல் வந்த பதிப்பின் முன்னுரையில் மகாதேவ தேசாய் அவரைப் பெயர் சொல்லாமல், மதிப்புக்குரிய நண்பர் என்று மட்டும் குறித்திருக்கிறார். ஆக, பெயரில்லாமல் எழுதுவதும் ஒரு மேன்மைதான். ஆனால் அவர் பெயரை மறைத்தார் என்றால், மறைப்பதற்கு முன்னால் அந்தப் பெயர் இருந்தது. ஆயிரம் கடிதங்களின் அடியில் அதைப் போட்டுப் பழகியிருந்தார். என் உறுத்தல் இங்கேதான் இருக்கிறது என்று இப்போது தோன்றுகிறது. பிள்ளை பொய் எழுதுவதோ, மனப்பாடம் செய்வதோ, பெயரை மறைப்பதோ தனித்தனியே பெரிய தீங்கன்று. பத்து வருஷப் பள்ளிப் படிப்பில் ஒரே ஒருமுறையாவது, எதிரே ஒரு மனிதர் இருந்து படித்து மறுமொழி எழுதப்போகிறார் என்ற எண்ணத்தோடு அது ஓர் ஆங்கில வாக்கியத்தை அமைத்ததில்லை. தபால் பெட்டிக்குள் கடிதம் விழும் அந்தச் சிறு ஓசையை அதன் ஆங்கிலம் கேட்டதில்லை. வாரியத்தின் பொதுப்பரீட்சையில் அதற்கு வழியும் இல்லை. லட்சக்கணக்கான தாள்கள் ஊர் விட்டு ஊர் போய்த் திருத்தப்படுகின்றன. 1966-இல் புணேயைத் தலைமையிடமாகக் கொண்டு ஏற்பட்ட அந்த வாரியத்துக்கு எண்ணும் திரையும் இல்லாமல் நீதி செலுத்த முடியாது. அது அப்படியே இருக்கட்டும்.

ஆனால் ஒன்பதாம் வகுப்பின் அரையாண்டுப் பரீட்சைக்கு அந்த நிர்ப்பந்தம் ஏதும் இல்லை. தாளைத் திருத்துகிற பாயிக்கு அந்தக் கையெழுத்து யாருடையது என்று தெரியும்; அது இடது கைக்காரப் பெண்ணுடையது, நேற்றுக் காய்ச்சலோடு வந்தவளுடையது என்று தெரியும். முகம் தெரிந்தவர் முகம் தெரிந்தவளைக் கேட்கும் கேள்வியில் எதற்காக இருவரும் முகமூடி போட்டுக்கொள்ள வேண்டும்? பத்தாம் வகுப்புக்கு இது ஒத்திகை என்பார்கள். ஒத்திகைக்கு மற்ற எழுபத்தைந்து மதிப்பெண்களும் இருக்கின்றன. ஆகையால் இந்த ஊரிலும் நம் ஊரிலும் ஆங்கிலம் கற்பிக்கும் உபாத்தியாயர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே. அடுத்த அரையாண்டுப் பரீட்சையில் அந்தக் கடிதக் கேள்வியை மட்டும் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாகத் தீபாவளி விடுமுறையில் பிள்ளைகள் உண்மையான ஒருவருக்கு, நூலகருக்கோ, வார்டு அலுவலகத்துக்கோ, சென்னையில் இருக்கும் பாட்டிக்கோ, தாங்கள் விரும்பிய விஷயத்தைப் பற்றித் தங்கள் பெயரில் ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதித் தபாலில் சேர்க்கட்டும். சேர்த்ததற்கு அந்த 5 மதிப்பெண்ணையும் முழுதாகக் கொடுத்துவிடுங்கள். கடிதத்தை நீங்கள் படிக்க வேண்டாம், பிழை திருத்தவும் வேண்டாம். பதில் வந்தால் அதை மட்டும் வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள்.